இஞ்சிச்சாறு தெளியும் நேரம்

"ஒரு நிமிசம் நில்லுங்க" என்றாள் குருவம்மாள்.

தளவாய் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார். கையில் பிரம்பு, தோளில் துண்டு. அன்று சனிக்கிழமை. உச்சியில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துத் தட்டியிருந்தாள். அது வலது காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குருவம்மாள் முந்தானை நுனியால் அதை ஒற்றி எடுத்தாள்.

"அருவியில நனையப்போற ஒடம்புக்கு என்னட்டி பவுசு?"

"ஒடம்பு நனையும். சட்ட கரையிலதான கெடக்கும்? அத வெளுக்கது நாந்தான?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்த பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"ஐந்தருவியில இந்த வருசம் தண்ணி அஞ்சு கிளையிலயும் விழுதாம்லா. தங்கத்தாய் போய்ட்டு வந்து சொல்லுதா."

"கூட்டமா கெடக்கும். அடுத்த வாரம் பாப்பம்."

"பாப்பம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சாரலுக்கும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. அதனால் அதில் வருத்தம் இருப்பதாக யாருக்கும் தெரியாது. அவர் இஞ்சிச்சாறு குடித்த பித்தளைத் தம்ளரைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவர் தெருவில் இறங்கினார்.

அது 1936, ஆனி மாதம். தளவாய்க்கு அறுபத்துமூன்று வயது. போலீஸில் ஏட்டாக இருந்து பென்ஷன் வாங்கி எட்டு வருஷம் ஆகிவிட்டது. தென்காசியில் அவரை இன்னும் எல்லாரும் ஏட்டையா என்றுதான் கூப்பிட்டார்கள். தெருவில் அவர் நடந்து போகும்போது பின்னாலிருந்து பார்ப்பவர்கள் யாரோ நாற்பது வயது ஆள் போகிறான் என்று நினைப்பார்கள். முன்னால் வந்து மீசையின் நரையைப் பார்த்த பிறகுதான் வழி விடுவார்கள்.

அந்த உடம்பு தானாக வந்தது இல்லை. விடிவதற்கு முன்னே நாலரை மணிக்கு எழுந்திருப்பார். வேலங்குச்சியால் பல் துலக்குவார். தெளிந்த இஞ்சிச்சாற்றில் தேன் விட்டு ஒரு தம்ளர். பிறகு குற்றாலம் வரைக்கும் நடை. சாரல் காலமானால் அருவியில் குளி. மற்ற மாதங்களில் சிற்றாற்றில். திரும்பி வந்து கேழ்வரகுக் கூழ். மத்தியானம் சாப்பாட்டோடு சுக்கு. பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். அதன் மேல் கடுக்காய்ப் பொடி. ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்லாமல் விழுங்க மாட்டார். காப்பி என்று ஒன்று ஊருக்குள் வந்து வீடு வீடாக நுழைந்தபோது, தன் வீட்டுக்குள் அதை வரவிடவில்லை. குருவம்மாளுக்கு அந்த வாசனை பிடிக்கும். பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் போய்க் குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள்.

ஊரில் இதையெல்லாம் ஏட்டையாவின் பெருமை என்றார்கள். இளம் பெண்டாட்டிக்காரன் ஆசை என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை. அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் மனைவி பிரசவத்தில் போனபின் ஆறு வருஷம் ஒற்றையாக இருந்துவிட்டு, ஆலங்குளத்தில் குருவம்மாளைப் பெண் பார்க்கப் போனபோது அவருக்கு முப்பத்தொன்பது. அவளுக்குப் பதினெட்டு. பெண்ணின் தாய் உலகம்மை இருபத்தெட்டு வயதில் வெள்ளைச் சேலை கட்டியவள். ஒரே மகளையும் நாலு ஏக்கர் புஞ்சையையும் தானே நின்று காப்பாற்றியவள். மாட்டுச் சந்தையில் அவள் சொன்ன விலைக்கு மறுவிலை சொல்லத் தரகர்கள் யோசிப்பார்கள். அவள் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு மாப்பிள்ளைக்கு நேரே வந்து நின்றாள்.

"மாட்ட வாங்கும்போது பல்லப் பாக்குதோம். மனுசனுக்குப் பாக்கப்படாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சி? வாயத் தொறங்க."

கூட வந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தன் பேரைக் கேட்டாலே தென்காசிக் களவாணிகளைப் பின்வாசல் வழியாக ஓடவைக்கிற ஏட்டு, பெண் வீட்டுக் கூடத்தில் வாயைத் திறந்து காட்டினார். உலகம்மை குனிந்து, மேல் வரிசை கீழ் வரிசை என்று நிதானமாக எண்ணினாள்.

"முப்பத்திரெண்டு. சரி. இன்னும் ஒண்ணு இருக்கு. எம் மகளுக்கு வெள்ளக் கோடி எடுக்க என் கையி நீளப்படாது. அந்த வாக்கக் குடுத்தா தாம்பூலம் மாத்துதேன்."

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைக் கோடிச் சேலை வர வேண்டும். அதைத்தான் சொன்னாள். ஆண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒரு வாக்கை யார் கேட்பார்கள், யார் கொடுப்பார்கள்? தளவாய் எழுந்து, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்குக்கு மேல் கையை நீட்டினார்.

"ஒங்க மகளுக்கு முன்னால நான் போக மாட்டேன் அத்தை."

இருபத்துநாலு வருஷமாக அவர் நடந்த நடையும், தின்ற கடுக்காயும், விட்ட காப்பியும் அந்த ஒரு சொல்லுக்குத்தான். பிள்ளை இல்லாமற் போனதால் அது இன்னும் இறுகியது. தான் போய்விட்டால் இவளுக்கு யாரும் இல்லை என்ற எண்ணம் வரும்போதெல்லாம் இன்னும் அரை மைல் கூட நடப்பார்.

அன்று அருவிக்கரையில் சங்கிலிப்பாண்டி காத்திருந்தான். வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் தொழில். ஏட்டையாவின் முதுகில் கையை வைத்ததும் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"ஒம்ம முதுகுல தேய்க்கது இந்தப் பாறையில தேய்க்க மாரி இருக்கு ஏட்டையா. எண்ணெதான் குறையுது. எனக்கு நாப்பத்தஞ்சு. நம்ம ரெண்டு பேரயும் நிறுத்தி வச்சா எவனும் என்னையத்தான் ஒமக்கு அண்ணம்பான்."

"நீ மூணு வேளையும் காப்பி குடிக்கியே லே. அதான்."

"அதுஞ்சரிதான். எமன் ஒம்ம வீட்டு வழிய மறந்துட்டான் போலுக்கே."

தளவாய் சிரித்துக்கொண்டே அருவிக்குள் போனார். தலைமேல் தண்ணீர் அறைந்தபோது வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அரை மணி நேரம் நின்றார். சாரல் முகத்தில் பூப்பூவாக விழ, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மேலகரம் வழியாக வீட்டுக்குத் திரும்பினார்.

தெருமுனையில் தங்கத்தாய் நின்றாள். அவள் தெருமுனைக்கு வந்து நிற்கிறவள் இல்லை.

"அண்ணாச்சி" என்றாள். பிறகு "மதினி" என்றாள்.

தங்கத்தாய் குருவம்மாளிடம் மோர் வாங்கத்தான் போயிருக்கிறாள். அடுப்பில் கூழ் கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குருவம்மாள் அம்மிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கழுவிய பித்தளைத் தம்ளர். கூப்பிட்டால் பேசவில்லை. அவ்வளவுதான்.

அவளுக்குத் தையிலிருந்தே மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஒரு நாள் காலையிலும் வீக்கம் வடியாமல் இருந்ததை அவரிடம் காட்டினாள். அவர் பார்த்தார். "நின்னுக்கிட்டே கெடந்தா வீங்கத்தான் செய்யும். ஒக்காந்து எந்திரி" என்றார். ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். அன்றைக்கு நடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பகல் இரண்டு மணி பஸ்ஸில் உலகம்மை வந்து இறங்கினாள். அதற்குள் தெருப் பெண்கள் குருவம்மாளை மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் குங்குமத்தில் ஒரு துளி எடுத்துத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். "குடுத்து வச்ச மகராசி" என்றாள் ஒருத்தி. "பூவும் பொட்டுமாப் போறா. இருவத்தோரு வயசு மூத்தவருக்கு வாக்கப்பட்டு இப்படிப் போக எத்தன பேருக்கு வாய்க்கும்?" என்றாள் இன்னொருத்தி. அவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். தளவாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகம்மை அழவில்லை. கையிலிருந்த துணிப்பையிலிருந்து பிறந்த வீட்டுக் கோடியை எடுத்தாள். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சேலை. மகள் மேல் அதைப் போர்த்தி, ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, மருமகனுக்கு நேரே வந்து நின்றாள்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக மாப்ள. என் கையால வெள்ளக் கோடி எடுக்க வைக்கல."

அவள் குத்திக்காட்டினாளா, நன்றி சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை, பின்னாலும் வெகுநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாள் நாலரை மணிக்கு அவருக்கு விழிப்பு வந்தது. படியில் தம்ளர் இல்லை. கொஞ்ச நேரம் படுத்துக்கிடந்தார். இனி யாருக்காக எழுந்திருப்பது என்று நினைத்தார். நடையை விட்டார். சுக்கை விட்டார், கடுக்காயை விட்டார். கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காப்பி குடித்தார். இனித்தது, கசந்தது. இதற்காகவா அவள் தங்கத்தாய் வீட்டுக்கு ஒளிந்து ஒளிந்து போனாள் என்று நினைத்தவர், இரண்டாவது தம்ளரும் வாங்கி, அதை மெதுவாகக் குடித்தார்.

ஓட்டலில் சாப்பிட்டார். நினைத்த நேரத்தில் படுத்தார். ஆவணி போனது, புரட்டாசி வந்தது. முதுகு வளையவில்லை. கண் மங்கவில்லை. நாலரை மணிக்கு விழிப்பு வருவதும் நிற்கவில்லை. வயிறு மட்டும் ஓட்டல் சாப்பாட்டுக்கு மந்தித்துப் போயிற்று. பெண்டாட்டி செத்த மூன்றாம் மாதம், மந்தத்துக்கு இஞ்சி குடிக்கலாம் என்று, அவர் முதல் முதலாகத் தம் வீட்டு அடுக்களைக்குள் போனார்.

மணல் பானையில் அவள் புதைத்து வைத்திருந்த இஞ்சி இருந்தது. தோலோடு அம்மியில் வைத்து நசுக்கினார். துணியில் பிழிந்தார். மஞ்சளாகக் கலங்கி வந்த சாற்றில் தேனை விட்டு அப்படியே குடித்தார். நெஞ்சு முதல் அடிவயிறு வரைக்கும் எரிந்தது. மத்தியானம் வரைக்கும் சுருண்டு கிடந்தார்.

சாயங்காலம் சேக் மைதீனின் நாட்டுமருந்துக் கடைக்குப் போனார். சுக்கும் இஞ்சியும் கடுக்காயும் இருபது வருஷமாக அங்கேதான் வாங்குவது, வாங்குகிறவள் குருவம்மாள்.

"என்ன இஞ்சி வே குடுத்தீரு? கொடல அறுத்துட்டே."

"இஞ்சி நல்ல இஞ்சிதான் ஏட்டையா. தோலச் சீவுனீகளா?"

"தோலா?"

"சரி. பிழிஞ்சு எம்புட்டு நேரம் வச்சீக?"

"வைக்கதா? பிழிஞ்சேன், குடிச்சேன்."

சேக் மைதீன் தராசைக் கீழே வைத்தார். "அடியில சுண்ணாம்பு மாரி வெள்ளையாத் தங்கும் ஏட்டையா. அது நஞ்சு. அது முழுசும் தங்குத வரைக்கும் பாத்திரம் ஆடப்படாது. பெறகு மேலாக்கத் தெளிவ மட்டும் இறுத்து எடுக்கணும். சீவி, நசுக்கி, பிழிஞ்சு, தெளிய வைக்க ஒரு மணி நேரம் வேணும். அம்மா சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. நாலரை மணிக்குப் படியில் தம்ளர் இருக்கும், எடுத்துக் குடிப்பார். காலையில் சூரியன் இருப்பது மாதிரி அது அங்கே இருந்தது.

"அப்பம் மூணரைக்கு எந்திரிச்சிருக்கா" என்றார்.

சேக் மைதீன் கடுக்காய் மூட்டையின் வாயைச் சுருட்டினார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்து, சொன்னார்.

"மாசியில அம்மா வந்திருந்தாக. மூச்சு வாங்குது, கால் வீங்குது, எதும் மருந்து இருக்கான்னு கேட்டாக. இது என் கடையில உள்ள சாமான் இல்லம்மா, ஆசுபத்திரியில காட்டுங்க, ஏட்டையாகிட்ட நான் சொல்லுதேன்னேன். வேண்டாம்னுட்டாக."

"ஏனாம்?"

"'அவுகளுக்குத் தெரிஞ்சா நடைக்குப் போமாட்டாக. நட நின்னா ஒடம்பு கெட்டுரும்'னாக. என் தலையில சத்தியம் வாங்கிட்டுப் போனாக ஏட்டையா. மன்னிச்சுக்கிடுங்க."

தளவாய் அரைப்படி சுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம், வெளிச்சத்தில், அவர் இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கி, பிழிந்து, ஒரு வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றி அடுக்களைத் தரையில் வைத்தார். அம்மிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் சாய்ந்த இடத்தில் காரை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஒரு நாளில் தேய்ந்தது இல்லை அது. சாற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் ஒரு சாண் நகர்ந்த பிறகுதான் மேலே தெளிந்தது. போலீஸில் இருந்தபோது பாரா நிற்கும் ஆளுக்கு இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்று ஆள் வருவான். இவளுக்கு யாரும் வரவில்லை. வர வேண்டியவர், பக்கத்து அறையில், உடம்பைப் பார்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் மூன்றரை மணிக்கு எழுந்தார். யாரும் சொல்லவில்லை. தெளிவைக் குடித்துவிட்டு நடக்கப் போனார். சனிக்கிழமை தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொண்டார். சட்டைக் கழுத்தில் வலது பக்கமாக ஒரு கறை விழுந்து, வெளுக்க வெளுக்கப் போகாமல் நின்றது. சங்கிலிப்பாண்டி எண்ணெய் தேய்த்தான். எமனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரு நாள் ஐந்தருவி வரைக்கும் போனார். அவள் ஆசைப்பட்ட மாதிரி அஞ்சு கிளையிலும் தண்ணீர் இல்லை; மூன்றில்தான் விழுந்தது. குளிக்காமல் திரும்பிவிட்டார்.

அடுத்த ஆனியில் வருஷத் திதி வந்தது. உலகம்மை முதல் நாளே பஸ்ஸில் வந்துவிட்டாள். எழுபது தாண்டிவிட்டது; இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"வயித்துல என்னமோ மந்தமா இருக்கு" என்றாள் கிழவி.

தளவாய் அடுக்களைக்குப் போய் இஞ்சி எடுத்தார். உலகம்மை சத்தத்தை வைத்தே பின்னால் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவர் சீவுவதும் நசுக்குவதும் பிழிவதும் அவள் காதில் விழுந்தன. கிண்ணத்தைத் தரையில் வைத்ததும் கை நீட்டினாள்.

"இன்னும் தெளியல அத்தை. கொஞ்சம் பொறுக்கணும்."

"எம் மக கிட்டப் படிச்சீகளாக்கும்."

"அவ இருக்கும்போது படிக்கல."

வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் முற்றத்துக் கல்லில் விழுந்தது. இருவரும் சாறு தெளிவதற்காகக் காத்திருந்தார்கள்.

"நான் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் தளவாய். "வாக்கு முடிஞ்சி போச்சி. இனி இதெல்லாத்தயும் விட்டுறலாம்னு பாக்குதேன். நீங்கதான் வாங்குனீக. நீங்க சொன்னாத்தான் ஆச்சு."

"விட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன். ரெண்டு மூணு மாசம் விட்டுப் பாத்தேன். ஒடம்பு கேக்க மாட்டேங்கு."

கிழவி பல்லில்லாத வாயால் லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மகளை எடுத்த அன்று வராத அழுகை, ஒரு வருஷம் கழித்து அந்த நிலைப்படியில் வந்தது. தளவாய் எழுந்து போகவில்லை. எழுந்தால் கிண்ணம் ஆடிவிடும்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வாங்குனது தப்பான வாக்கு மாப்ள. அவளயும் பாத்துக்கிடுங்கன்னு கேட்டிருக்கணும். புத்தியில்லாம ஒங்க பல்ல எண்ணிக்கிட்டு நின்னேன்."

"நானுந்தான் அத்தை."

"இப்பம் எத்தன இருக்கு?"

"என்னது?"

"பல்லு. எனக்குக் கண்ணு தெரியல. நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

தளவாய் வாயை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியை மேல் வரிசையின் இடது கோடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு கீழ் வரிசை. கிண்ணத்தில் வெள்ளை அடியில் தங்கிவிட்டது. மேலே சாறு தேன் நிறத்தில் அசையாமல் நின்றது.

"முப்பத்திரெண்டு" என்றார்.